அடுத்து வாங்குபவர் யார்?

(சிவகாசியில் வணிகர்கள், ஆலைத் தொழிலாளர்கள், கல்லூரி மாணவர்கள் நிறைந்த அவையில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



கிரிப்டோ நாணயத்தில் பணம் போடலாமா என்பது எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. சுற்றி வளைக்காமல் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிரிப்டோ நாணயங்களில் முதன்மையான பிட்காயினை மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். முதலீடு என்றும் சொல்ல மாட்டேன். அது யூக வணிகம். யூக வணிகம் செய்வதை நாட்டின் சட்டம் தடுக்கவில்லை, விருப்பமுள்ளவர் செய்துகொள்ளலாம். ஆனால் தொழிலில் சுழல வேண்டிய பணமும், தீபாவளி போனஸும், பிள்ளைகளின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் சேர்த்த பணமும் அங்கே போகக் கூடாது. வட்டிக்கு வாங்கிய பணம் போகவே கூடாது. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்வதற்குத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

பிட்காயின் என்பது என்ன?

2008 அக்டோபர் 31. அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் நிறுவனம் திவாலாகி ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. வங்கிகள் மீது உலகமே நம்பிக்கை இழந்திருந்த அந்த நேரத்தில், சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று இணையத்தில் வெளிவந்தது. அவர் யார், ஒருவரா பலரா என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. நடுவில் வங்கி இல்லாமல் ஒருவர் இன்னொருவருக்குப் பணம் அனுப்பும் வழியை அந்தக் கட்டுரை சொன்னது. 2009 ஜனவரி 3 அன்று அது நடைமுறைக்கு வந்தது.

அதன் அடிப்படை ஒரு பேரேடு. நம் கடைகளில் பேரேடு முதலாளியின் மேஜையில் இருக்கும். வங்கியின் பேரேடு வங்கியிடம் இருக்கும். பிட்காயினின் பேரேடு உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே நேரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் எழுதி மூடப்பட்டதும் அதன் முத்திரை அடுத்த பக்கத்தில் ஏறிவிடுகிறது. பழைய பக்கத்தில் யாராவது ஓர் எண்ணைத் திருத்தினால், அதற்குப் பின் வந்த எல்லாப் பக்கங்களின் முத்திரையும் பொருந்தாமல் போய் திருட்டு அம்பலமாகிவிடும். இதைத்தான் பிளாக்செயின் என்கிறார்கள். மொத்தம் 2 கோடியே 10 லட்சம் பிட்காயின்களுக்கு மேல் உருவாக முடியாது என்பதும் அதன் விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

அறிவுக்கு மரியாதை தருபவர்கள் இதற்கும் மரியாதை தர வேண்டும். இது நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் நல்ல கண்டுபிடிப்பு ஒன்று, அதைச் சுற்றி எழும் விலை இன்னொன்று. இணையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2000-ல் இணைய நிறுவனப் பங்குகள் உச்சத்தில் இருந்தன. 2002-க்குள் அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு முக்கால் பங்குக்கு மேல் சரிந்தது. பழைய உச்சத்தைத் தாண்ட 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இணையம் பொய்த்ததா? இல்லை, உலகையே மாற்றியது. ஆனாலும் உச்சத்தில் வாங்கியவர் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தார். தொழில்நுட்பம் வெல்லும் என்பதற்காக, இன்றைய விலை சரியான விலை என்று ஆகிவிடாது.

கையில் எடுத்துப் பார்க்க என்ன இருக்கிறது?

விருதுநகர் மண்டியில் ஒரு மல்லி வியாபாரி என்ன செய்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். மூட்டையில் குத்தூசியைச் செருகுகிறார். வரும் கைப்பிடியை உள்ளங்கையில் பரப்பி நிறம் பார்க்கிறார். கசக்கி மோந்து பார்க்கிறார். காம்பு எவ்வளவு, தூசி எவ்வளவு, ஈரம் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் விலை பேச்சு. நாளை மல்லி விலை இறங்கினாலும் அந்த மூட்டைக்குள் இருப்பது மல்லிதான். மசாலா ஆலைக்கு அது வேண்டும், அடுப்படிக்கு வேண்டும். விலைக்குக் கீழே ஒரு தரை இருக்கிறது.

பிட்காயின் மூட்டையில் குத்தூசியைச் செருகினால் என்ன வரும்? இதைக் கேலியாகக் கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத சொத்துகள் பல உண்டு. ஒரு நிறுவனத்தின் பங்கும் இன்று கணினியில் ஓர் எண்தான். அந்த எண்ணுக்குப் பின்னால் ஆலை இருக்கிறது, சரக்கு இருக்கிறது, ஆண்டு லாபம் இருக்கிறது, அதில் உங்களுக்கு ஒரு பங்கு இருக்கிறது. வங்கி வைப்புக்கு வட்டி வருகிறது. கடைக்கு வாடகை வருகிறது. ஆப்செட் இயந்திரம் வாங்கினால் ஆடிப் பெருக்குக்கு வெளியிடும் காலண்டர் ஆல்பத்தில் தொடங்கி டிசம்பர் வரை அது அச்சடித்துக் கொடுக்கிறது. இவை எல்லாமே விளைகிற சொத்துகள். நாளை வாங்க ஆள் வராவிட்டாலும் வருமானம் தந்துகொண்டே இருக்கும்.

ஒரு பிட்காயினைப் பத்து ஆண்டுகள் பூட்டி வையுங்கள். பத்தாம் ஆண்டு முடிவிலும் அதே ஒரு பிட்காயின்தான் இருக்கும். அது எதையும் விளைவிக்கவில்லை. உங்களுக்கு லாபம் வர வேண்டுமானால், நீங்கள் கொடுத்ததைவிடக் கூடுதல் விலை கொடுக்க இன்னொருவர் வந்தாக வேண்டும். அவருக்கு லாபம் வர அடுத்தவர் வர வேண்டும். ஒருவருடைய லாபம் முழுவதும் அடுத்து வாங்குபவரின் பையிலிருந்துதான் வருகிறது. இதனால்தான் இதை யூக வணிகம் என்கிறேன்.

தங்கம் மட்டும் என்ன வாடகை தருகிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தங்கமும் விளைவதில்லை. தங்கத்தில் போடும் பணத்திலும் யூகம் கலந்தே இருக்கிறது; அதை மறைக்கவில்லை. ஆனால் தங்கத்துக்கு நகை என்ற பயன் இருக்கிறது. மருத்துவச் செலவு வந்தால் அரை மணி நேரத்தில் அடகு வைத்து எந்த வங்கியிலும் நகைக்கடன் வாங்கலாம். நம் ரிசர்வ் வங்கியே 800 டன்னுக்கும் மேல் தங்கம் வைத்திருக்கிறது. பல நூற்றாண்டுகளாகப் போரையும் பஞ்சத்தையும் ஆட்சி மாற்றத்தையும் பார்த்துவிட்ட பொருள் அது. பிட்காயினுக்கு வயது பதினைந்து சொச்சம். தங்கத்தின் இடத்தை அது ஒருநாள் பிடிக்கக்கூடும். பிடித்துவிட்டது என்று நம்பி இன்றே வீட்டுப் பணத்தை வைக்க முடியாது.

பணமாகவே பயன்படாதா என்றால், சிவகாசியில் டீக்கடை வரை க்யூஆர் அட்டை தொங்குகிறது. 2016-ல் வந்த யுபிஐ, கட்டணமில்லாமல் நொடியில் பணத்தைச் சேர்த்துவிடுகிறது. சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளை அங்கிருந்தே அனுப்ப 2023 பிப்ரவரியில் யுபிஐயும் அந்நாட்டின் பேநவ்வும் இணைக்கப்பட்டன. ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் ரூபாயும் 2022-ல் வந்துவிட்டது. காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை என்று ஆடும் நாணயத்தில் எந்த ஏஜென்டும் பட்டாசுக்கு பில் போட மாட்டார்.

விலையின் கதையும் வட்டியின் கணக்கும்

இதுவரை நடந்ததைப் பார்ப்போம். 2017 டிசம்பரில் ஒரு பிட்காயின் ஏறக்குறைய 20,000 டாலர். ஓராண்டில் அது 3,200 டாலர் அளவுக்கு இறங்கியது. 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்டது. அடுத்த நவம்பரில் 16,000. 2024 மார்ச்சில் 73,000-ஐத் தாண்டியது. டிசம்பரில் ஒரு லட்சம் டாலர். 2025 அக்டோபரில் 1,26,000 வரை போய், அடுத்த மாதமே 90,000-க்குக் கீழே வந்தது.

இதை வெறும் நீர்க்குமிழி என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1637-ல் ஹாலந்தில் டூலிப் பூக்கிழங்கின் விலை வெடித்தபோது, அது திரும்ப எழவில்லை. பிட்காயின் முக்கால் பங்கு விழுந்து, விழுந்து, மீண்டும் எழுந்திருக்கிறது. 2024 ஜனவரியில் அமெரிக்காவின் பங்குச் சந்தை ஆணையம் பிட்காயின் ஈடிஎஃப் நிதிகளுக்கு அனுமதி தந்தது. பெரிய நிறுவனங்கள் வந்துவிட்டன. அது நாளையே சுழியமாகும் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் எல்லா நாணயங்களும் பிட்காயின் அல்ல. 2022 மே மாதம் லூனா என்ற நாணயம் 80 டாலரிலிருந்து ஒரே வாரத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போனது. அதே ஆண்டு நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற மாபெரும் கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் சரிந்தது. வாடிக்கையாளர் பணத்தைக் கையாடிய அதன் நிறுவனர் சாம் பேங்க்மேன் ஃபிரைடு 2024-ல் 25 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார்.

விழுந்தது எழுந்துவிட்டதே, பிறகென்ன என்பவர்களுக்காக நம் ஊர்க் கணக்கு ஒன்று போடுகிறேன். 2021 நவம்பரில் உச்ச விலையில் ஒருவர் ஒரு லட்ச ரூபாய்க்குப் பிட்காயின் வாங்கினார் என்று வையுங்கள். பணம் சொந்தப் பணம் அல்ல; மூணு வட்டிக்கு வாங்கியது. மாதம் 3,000 ரூபாய் வட்டி. விலை பழைய உச்சத்தைத் தாண்டியது 2024 மார்ச்சில். நடுவில் 28 மாதங்கள். வட்டி மட்டும் 84,000 ரூபாய். டாலருக்கு எதிரே ரூபாய் இறங்கியதால் கையில் ஒரு பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் கூடியிருக்கலாம். மீதி 70,000-க்கும் மேல் நஷ்டம். விலை விழவே இல்லை என்பதுபோல் திரும்பி வந்த பிறகும் இந்த நஷ்டம். நிஜத்தில் அவர் 28 மாதம் காத்திருக்கவும் மாட்டார். விலை 16,000-க்கு வந்த நேரத்தில் வட்டிக்காரர் வாசலுக்கு வந்திருப்பார். கால் விலைக்கு விற்றுக் கொடுத்திருப்பார்.

ஆகவே, காத்திருக்க முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் இது ஒரே சந்தை அல்ல. பாசல் என்ற ஊரில் இருக்கும் பன்னாட்டுத் தீர்வுகள் வங்கி 95 நாடுகளில் 2015 முதல் 2022 வரையிலான கிரிப்டோ செயலிப் பயன்பாட்டை ஆராய்ந்தது. பயனாளர்களில் ஏறக்குறைய முக்கால் பங்கினர் பணத்தை இழந்திருப்பார்கள் என்று கணக்கிட்டது. விலை ஏறும்போது சிறியவர்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய அளவில் வைத்திருந்தவர்கள் விற்றுக்கொண்டிருந்தார்கள் என்றும் கண்டது. டீக்கடையில் ஜெயித்தவர் பேசுகிறார். தோற்றவர் வீட்டில்கூடச் சொல்வதில்லை. நம் காதில் விழும் கதைகளெல்லாம் வெற்றிக் கதைகளாக இருப்பதற்கு அதுதான் காரணம்.

கிரிப்டோவை மட்டும் குறிவைத்துப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். பங்குச் சந்தையில் எஃப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர வணிகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் மூன்று ஆண்டுகளில் நஷ்டப்பட்டதாக 2024 செப்டம்பரில் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியே அறிவித்தது. எந்தப் பெயரில் நடந்தாலும் யூக வணிகத்தின் முடிவு சாதாரண மனிதருக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

2018 ஏப்ரல் 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. கிரிப்டோ வணிகத்துக்கு வங்கிகள் எந்தச் சேவையும் தரக் கூடாது என்றது. 2020 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த வி. ராமசுப்பிரமணியன் எழுதிய தீர்ப்பு அது. நாட்டில் தடைச் சட்டம் எதுவும் இல்லாதபோது, வங்கிகளுக்கு உண்மையில் இழப்பு ஏற்பட்டதாகக் காட்டாமல், ஒரு தொழிலின் மூச்சை நிறுத்துவது அளவுக்கு மீறியது என்பது அதன் சாரம். கிரிப்டோ நல்லது என்று நீதிமன்றம் சான்று கொடுத்ததாகச் சிலர் பிரசாரம் செய்கிறார்கள். அப்படி எதுவும் அதில் இல்லை.

2022 நிதிநிலை அறிக்கையில் நிர்மலா சீதாராமன் வரி விதித்தார். லாபத்தில் 30 சதவீதம். அதன் மேல் செஸ். விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ். இதில் பலர் கவனிக்காத விதி ஒன்று இருக்கிறது. ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொரு நாணயத்தில் வந்த லாபத்தோடு கழித்துக்கொள்ள முடியாது. அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது.

கணக்குப் பாருங்கள். பிட்காயினில் ஒரு லட்சம் லாபம், வேறொரு நாணயத்தில் ஒரு லட்சம் நஷ்டம். உங்கள் கையில் லாபம் ஒரு பைசா இல்லை. ஆனால் வரி 30,000 ரூபாய், செஸ் 1,200 ரூபாய். சம்பாதிக்காத பணத்துக்கு 31,200 கட்ட வேண்டும். டிடிஎஸ் இன்னொரு கணக்கு. ஒரு லட்சத்தை வைத்துக்கொண்டு பத்து முறை வாங்கி விற்றால், லாபமே இல்லாவிட்டாலும் 9,500 ரூபாய் அளவுக்கு வருமான வரித் துறைக்குப் போய்விடும். ரிட்டர்ன் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம். அதுவரை முதல் முடங்கும். வாங்கி வாங்கி விற்கலாம் என்று கிளம்பும் கல்லூரித் தம்பிகளுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித் தருவதில்லை.

வாங்கிய நாணயம் யாரிடம் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. 2024 ஜூலை 18 அன்று வசீர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சிலிருந்து 23 கோடி டாலர், ஏறக்குறைய 2,000 கோடி ரூபாய் மதிப்புள்ள நாணயங்களை இணையத் திருடர்கள் கொண்டுபோனார்கள். திருடுபோகாத நாணயத்தை வைத்திருந்தவர்களும் ஓராண்டுக்கும் மேல் எடுக்க முடியாமல் தவித்தார்கள். அப்படித் தவித்த ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். அவர் வாங்கியிருந்தது ஏறக்குறைய இரண்டு லட்ச ரூபாய்க்கு எக்ஸ்ஆர்பி என்ற நாணயம். திருடுபோனது வேறு வகை நாணயம். 2025 அக்டோபரில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். கிரிப்டோ நாணயம் சட்டப்படி ஒரு சொத்து, அதை ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கவும் முடியும் என்றார். இது முக்கியமான தீர்ப்பு. வாங்கியவருக்கு உரிமை உண்டு என்று நிலைநாட்டியது. ஆனால் உரிமை கிடைக்க உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நம் தெருவுக்கு வருவது எது?

இதுவரை பேசியது உண்மையான கிரிப்டோவைப் பற்றி. நம் ஊருக்கு வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வந்து சேருவதில் பெரும்பகுதி அது அல்ல. கிரிப்டோ என்ற பெயரில் வரும் பழைய மோசடி.

அது நடக்கும் முறையைச் சொல்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். முதலில் ஒரு குழுவில் உங்களைச் சேர்ப்பார்கள். தினமும் பலர் லாபப் படங்களைப் போடுவார்கள். ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள். 5,000 போடுவீர்கள். இரண்டு நாளில் திரையில் 6,500 என்று காட்டும். 1,000 எடுத்துப் பாருங்கள் என்று அவர்களே சொல்வார்கள், எடுத்தால் வந்துவிடும். அந்த ஆயிரம்தான் தூண்டில். பிறகு ஐம்பதாயிரம், இரண்டு லட்சம், நகையை வைத்து ஐந்து லட்சம். திரையில் பதினெட்டு லட்சம் நிற்கும். எடுக்கப் போனால், முதலில் வரி கட்டுங்கள் என்பார்கள். கட்டினால், கணக்கு முடங்கிவிட்டது, அதைத் திறக்கக் கட்டணம் என்பார்கள். அந்தத் திரையில் நின்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு நாணயமும் கிடையாது. எந்த அரசும் உங்கள் வருமான வரியை ஒரு செயலிக்காரரின் கணக்கில் கட்டச் சொல்லாது.

இந்த வகை நமக்குப் புதிதல்ல. அந்நியச் செலாவணி என்று சொல்லித் திருப்பூரில் பாசி நிறுவனம் ஏறக்குறைய 930 கோடி வசூலித்தது. அதன் இயக்குநர்களுக்கு 2022-ல் கோவை சிறப்பு நீதிமன்றம் 27 ஆண்டு சிறை விதித்தது. ஈமு கோழி என்று 2012-ல் பெருந்துறையில் வெடித்த மோசடியும் நினைவிருக்கும். தங்கம் என்று சொல்லி ஆருத்ரா நிறுவனம் மாதம் 25, 30 சதவீதம் தருவதாக ஒரு லட்சம் பேரிடம் 2,400 கோடிக்கு மேல் திரட்டியது. பிட்காயின் பெயரில் கெயின்பிட்காயின் என்ற திட்டம் மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதம் தருவதாகச் சொன்னது. உலக அளவில் ஒன்காயின் என்று ஒன்று வந்தது; அதற்குப் பிளாக்செயினே கிடையாது. அதை நடத்திய ருஜா இக்னடோவா 2017-ல் தலைமறைவானவர், இன்னும் பிடிபடவில்லை. அந்நியச் செலாவணி, கோழி, தங்கம், காயின் என்று பொருள் மாறுகிறது. மாதாமாதம் நிச்சய லாபம் என்ற வாக்கு மாறவில்லை. உண்மையான பிட்காயின் நிச்சய லாபம் என்று யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. ஆகவே நிச்சய லாபம் என்று ஒருவர் சொன்ன அந்த நொடியிலேயே அவர் விற்பது வேறு ஏதோ என்று தெரிந்துகொள்ளலாம்.

நம்பிக்கை எப்படிக் கட்டப்படுகிறது?

வங்கிகளும் கவிழ்ந்திருக்கின்றனவே என்பது இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி வைக்கும் வாதம். உண்மை. 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் வங்கி கவிழ்ந்தது. ஓய்வூதியக்காரர்கள், விதவைகள், கோயில்கள் வைத்திருந்த பணம் போனது. அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி அய்யர் போன்றவர்கள் முன்னின்று 1907-ல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். 1960-ல் கேரளத்தில் பாலை சென்ட்ரல் வங்கி கவிழ்ந்தது. அந்த அடியிலிருந்து வைப்புத்தொகைக் காப்பீடு பிறந்தது. 1962-ல் 1,500 ரூபாயில் தொடங்கி, 2020 முதல் 5 லட்சம் வரை உங்கள் வங்கி வைப்புக்குக் காப்பீடு இருக்கிறது. சீட்டு நிறுவனங்கள் ஏமாற்றிய அனுபவத்திலிருந்து 1982-ல் சீட்டு நிதிச் சட்டம் வந்தது. நிதி நிறுவனங்கள் கவிழ்ந்ததிலிருந்து 1997-ல் தமிழ்நாடு முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஒவ்வொரு சட்டத்துக்குப் பின்னாலும் யாரோ இழந்த பணம் இருக்கிறது.

இந்த மாவட்டத்தின் வரலாறே நம்பிக்கையைக் கட்டிய வரலாறு. விற்கும் மூட்டைக்கு இவ்வளவு என்று மகிமை எடுத்து, வீட்டுக்கு வீடு பிடியரிசி சேர்த்து, விருதுநகரில் க்ஷத்திரிய வித்யாசாலா பள்ளியை எழுப்பினார்கள். காமராஜர் அங்கே படித்தார். 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டது. இன்று அதைத் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று அழைக்கிறோம். அந்தப் பணத்துக்குக் கணக்குக் கேட்க ஆள் இருந்தது. தவறினால் எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. யாரையும் நம்பத் தேவையில்லை என்பதைக் கிரிப்டோவின் பெருமையாகச் சொல்கிறார்கள். ஆனால் ரகசியச் சாவி தொலைந்தால், செயலி முடங்கினால், எக்ஸ்சேஞ்சில் திருட்டு நடந்தால், போய் நிற்க வாசல் எது என்று அவர்களால் சொல்ல முடியவில்லை.

ஆபத்து வேறு, யூகம் வேறு

பட்டாசுத் தொழிலில் இல்லாத ஆபத்தா என்று ஒருவர் கேட்கலாம். ஆபத்து என்றால் என்னவென்று சிவகாசிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியத்தையும் சரவெடியையும் தடை செய்தது. பசுமைப் பட்டாசு மட்டும் என்றது. ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. லட்சக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. பிறகு என்ன செய்தார்கள்? நீரி நிறுவனத்தின் புதிய கலவை முறையைக் கற்றார்கள், உரிமம் பெற்றார்கள், ரகங்களை மாற்றினார்கள். வழி இன்னும் முழுதாகத் திறக்கவில்லை. ஆனால் ஆபத்து வந்தபோது அறிவையும் உழைப்பையும் கொண்டு அதைக் குறைக்க ஏதோ ஒன்று செய்ய முடிந்தது.

இதுதான் வேறுபாடு. தொழிலில் இருக்கும் ஆபத்தை நீங்கள் உழைத்துக் குறைக்கலாம். காயின் வைத்திருப்பவர் இரவெல்லாம் கண்விழித்துத் திரையைப் பார்த்தாலும் அதன் விலையை ஒரு பைசா ஏற்ற முடியாது. நம் ஊர் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போனது எந்தப் பொருளின் விலை ஏறும் என்று ஊகிப்பதற்காக அல்ல. தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ளப் போனார்கள். மழை பொய்த்த கரிசல் பூமிக்கு ஒரு தொழிலைக் கொண்டுவந்தார்கள். முதலீடு என்றால் அதுதான். பணமும் கற்றலும் உழைப்பும் சேர்ந்து, முன்பு இல்லாத ஒன்றை உண்டாக்குவது.

ஆலை நடத்தும் பெரியவர்களிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். தீபாவளி முடிந்து வெளியூர் வசூல் கைக்கு வரும்போது, அதை எங்கே போடுவது என்ற யோசனை வரும். காயினில் போடும் முன் உங்கள் ஆலையைச் சுற்றிப் பாருங்கள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகும் ஆண்டுதோறும் சாவு விழுகிறது. அறைகளுக்கு இடையில் உள்ள தூரம், ஓர் அறையில் உட்காரும் ஆட்களின் எண்ணிக்கை, மருந்து கலப்பவருக்குப் பயிற்சி, தொழிலாளிக்குக் காப்பீடு. இவற்றில் போடும் ரூபாய் உயிரைக் காக்கும், உரிமத்தைக் காக்கும், தொழிலையும் காக்கும். இதைவிட உறுதியான லாபம் தரும் நாணயம் உலகில் எங்கும் அச்சடிக்கப்படவில்லை.

தொழிலாளத் தோழர்களுக்கு: முதலில் கந்து வட்டிக் கடனை அடைத்துவிடுங்கள். மூணு வட்டிக் கடனை அடைப்பது ஆண்டுக்கு 36 சதவீத லாபத்துக்குச் சமம். அதில் யூகமே இல்லை. அடுத்து மூன்று மாதச் செலவுக்கான பணம் வங்கியிலோ அஞ்சலகத்திலோ இருக்கட்டும். சீட்டுக் கட்டினால் பதிவு பெற்ற சீட்டாக இருக்கட்டும். மாணவர்களுக்கு: பிளாக்செயின் படியுங்கள், நிரல் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள், அந்தப் படிப்பு உங்களைக் கைவிடாது. எல்லாம் போக மிஞ்சிய பணத்தில், மொத்தமாகப் போனாலும் வீடு அசையாது என்ற அளவில், ஒருவர் பிட்காயின் வாங்க நினைத்தால் நான் தடுக்க மாட்டேன். நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்த எக்ஸ்சேஞ்சில் வாங்குங்கள், வரியைக் கணக்கில் வையுங்கள், நம்பிச் சேர்த்த சேமிப்பு என்று மட்டும் அதை நினைக்காதீர்கள்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. 2022 முதல் 30 சதவீத வரி வாங்குகிறீர்கள். 2023 மார்ச்சில் இந்த நிறுவனங்களைக் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தீர்கள். இரண்டும் அரசின் தேவைக்காகச் செய்தவை. பணம் போட்டவரைக் காக்கும் தனிச் சட்டம் எங்கே? வாடிக்கையாளர் நாணயத்தைத் தனியே வைக்க வேண்டும், தணிக்கை காட்ட வேண்டும், திருடுபோனால் ஈடு தர வேண்டும் என்ற விதிகள் எங்கே? ஒரு வணிகத்தில் வரி வாங்கும் அரசு, அந்த வணிகத்தில் குடிமக்களின் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்க வேண்டும். நாடாளுமன்றத்தில் நம் தொகுதிகளின் உறுப்பினர்கள் இதைக் கேட்க வேண்டும். அவர்களிடம் நாம் கேட்க வேண்டும்.

இன்று இரவே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். யார் எந்தக் குழுவில் இருக்கிறார்கள், எந்தச் செயலியில் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று கோபப்படாமல் கேளுங்கள். கோபப்பட்டால் மறைப்பார்கள், மறைத்தால் கடன் வளரும். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் கூச்சப்படாமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் வங்கியால் நிறுத்திவைக்க முடியும். ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். யார் வந்து எந்தத் திட்டத்தைச் சொன்னாலும் இரண்டே கேள்விகள் கேளுங்கள். இது எதை விளைவிக்கிறது? நான் விற்கும் நாளில் வாங்கப்போவது யார்? இரண்டுக்கும் நேரான பதில் வராத இடத்தில் உங்கள் உழைப்பின் பணத்தை வைக்காதீர்கள்.